கோட்டையிலிருந்து காட்பாடிக்கு எத்தனை கிமீ? வலைநிரலில் தூரக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து மாணவர்களுக்கு வலைநிரல் சொல்லிக்கொடுக்கிறேன். ப்ராஜெக்ட் என்றதும் பாதிப் பேர் எடுப்பது ‘பக்கத்தில் என்ன இருக்கிறது’ என்று காட்டும் தளம்தான். ஆஸ்பத்திரிக்கு அருகே லாட்ஜ், ரத்தம் கொடுப்பவர்கள், மருந்துக்கடை, பிரியாணிக் கடை என்று பொருள் மாறும், கணக்கு ஒன்றே. கேள்விகளும் வருஷா வருஷம் ஒன்றே. அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

உதாரணங்களுக்குப் பெரும்பாலும் இரண்டே புள்ளிகள். வேலூர்க் கோட்டை: அட்சரேகை 12.921, தீர்க்கரேகை 79.128. காட்பாடி ரயில் சந்திப்பு: 12.972, 79.138. மூன்று தசம இடத்துக்குச் சுருக்கிய எண்கள் இவை. உங்கள் கோடிலும் இவற்றையே போட்டுப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கின்றன. தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹேவர்சைன் சூத்திரத்தில் தொடங்குங்கள். கடலோடிகள் பயன்படுத்திய பழைய கணக்கு இது. பூமியை 6371 கிமீ ஆரமுள்ள உருண்டை என்று எடுத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பின் வழியாக மிகக் குறுகிய தூரத்தைத் தருகிறது.

அ = சைன்²(அட்ச வித்தியாசம் ÷ 2) + காஸ்(அட்சம் 1) × காஸ்(அட்சம் 2) × சைன்²(தீர்க்க வித்தியாசம் ÷ 2)

தூரம் = 2 × 6371 × ஆர்க்சைன்(√அ)

கோட்டைக்கும் காட்பாடிக்கும் அட்ச வித்தியாசம் 0.051 டிகிரி, தீர்க்க வித்தியாசம் 0.010 டிகிரி. ரேடியனுக்கு மாற்றிப் போட்டால் ‘அ’ ஏறத்தாழ 0.0000002053 வரும், தூரம் 5.77 கிமீ. ‘அ’ இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பூமியின் அளவோடு பார்த்தால் நம் ஊரிலிருந்து காட்பாடி அவ்வளவு பக்கம்.

தீர்க்க வித்தியாசத்தோடு மட்டும் காஸ் ஏன் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் விலகி நின்று துருவத்தில் ஒன்றுசேர்கின்றன. அதனால் ஒரு டிகிரி தீர்க்கத்தின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். இது புரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு 330 கிமீ என்று வருகிறது. எங்கே தப்பு?

டிகிரியை ரேடியனாக மாற்றவில்லை. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி என எந்த மொழியிலும் சைன், காஸ் இரண்டும் ரேடியனைத்தான் கேட்கும். டிகிரியைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180ஆல் வகுத்த பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். உண்மையான விடையைப் போல 57 மடங்கு வந்திருந்தால் வேறு எங்கும் தேடாதீர்கள், காரணம் இதுதான்.

எனக்கு 1.54 கிமீ வருகிறது. சூத்திரத்தைப் பத்து தடவை பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

சூத்திரம் சரிதான், எண்கள் இடம் மாறியிருக்கின்றன. அட்சரேகை இருக்க வேண்டிய இடத்தில் 79.128 நிற்கிறது. வடக்கு அட்சம் 79, கிழக்குத் தீர்க்கம் 13 என்றால் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். பனிப்பாறையும் துருவக்கரடியும் உள்ள ஊருக்கு நம் கோட்டையையும் காட்பாடியையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே இரண்டுக்கும் நடுவே அளந்திருக்கிறீர்கள். துருவத்துக்கு அருகில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் 5.77 கிமீ சுருங்கி 1.54 ஆகிவிட்டது.

நான் மாணவர்களிடம் அதிகம் கண்ட தவறு இதுதான். மிகத் தாமதமாகப் பிடிபடுவதும் இதுதான். 330 என்று வந்தால் பார்த்தவுடன் சந்தேகம் வரும். 1.54 என்பதோ ஊருக்குள் இருக்கக்கூடிய தூரம். அதை நம்பித்தான் ஒரு லாட்ஜ் தேடும் தளம் சில மாதம் ஓடியது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் ‘ஒன்றரை கிமீதானே, நடந்துவிடலாம்’ என்று கிளம்பியிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை. வரைபடம் காட்டும் லீஃப்லெட் நூலகத்திலும் கூகுள் மேப்ஸிலும் அட்சம் முதலில். இடத் தரவை எழுதும் வடிவமான ஜியோஜேசன், இடக் கணக்கு நூலகமான டர்ஃப், தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ், மோங்கோடிபி, ரெடிஸ், சாலை வழி கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் இவை எல்லாவற்றிலும் தீர்க்கம் முதலில். மைஎஸ்க்யூஎல் 8இல் புள்ளியை 4326 என்ற குறியீட்டு எண்ணோடு உரைவடிவில் கொடுத்தால் அட்சம் முதலில் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ப்ராஜெக்டில் லீஃப்லெட்டும் ஜியோஜேசனும் சேர்ந்து இருந்தால் தரவு நடுவழியில் ஒருமுறை புரள வேண்டியிருக்கும்.

என் பழக்கம் இது: உள்ளே எங்கும் வெறும் இரட்டை எண்ணாக வைப்பதில்லை, ‘அட்சம்’, ‘தீர்க்கம்’ என்று பெயர் போட்ட பொருளாகவே வைப்பேன். வெளிக்கருவிக்கு அனுப்பும் வாசலில் மட்டும் வரிசையாக்குவேன். அதோடு ஒரு காவல் வரி. தமிழ்நாட்டுத் தரவு என்றால் அட்சம் 8க்கும் 14க்கும் நடுவே, தீர்க்கம் 76க்கும் 81க்கும் நடுவே இல்லாத எதையும் உள்ளே விடாதீர்கள். இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதால் புரண்ட புள்ளி எதுவும் தப்பிக்க முடியாது.

பழைய ஆவணத்தில் 12°55′16″ என்று இருக்கிறது. 12.5516 என்று எழுதலாமா?

கூடாது. நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, விநாடி 3600இல் ஒரு பங்கு. 12 + 55/60 + 16/3600 = 12.9211. அதை 12.5516 என்று எழுதினால் கோட்டை ஏறத்தாழ 41 கிமீ தெற்கே நகர்ந்து போளூர்ப் பக்கம் விழும். இதைக் காவல் வரியும் பிடிக்காது, ஏனென்றால் போளூரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. வரைபடத்தில் புள்ளிகளைப் போட்டுக் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

பூமி சரியான உருண்டை இல்லையே. ஹேவர்சைன் எவ்வளவு தப்பாகச் சொல்லும்?

நம் ஊரில் எவ்வளவு என்று துல்லியமாகவே சொல்லலாம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 மாதிரியில் நிலநடுக்கோட்டு ஆரம் 6378.137 கிமீ, துருவ ஆரம் 6356.752 கிமீ. துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையான பூமி. கீழே ‘தட்டைப் பூமி’ என்று நான் சொல்வது இதைத்தான். அதன்படி வேலூரில் ஒரு டிகிரி அட்சத்தின் நீளம் 110.63 கிமீ, ஒரு டிகிரி தீர்க்கத்தின் நீளம் 108.51 கிமீ. 6371 ஆரமுள்ள உருண்டையில் இவை 111.19, 108.37. ஆக, ஹேவர்சைன் நம் பகுதியில் வடக்கு தெற்காக அளக்கும்போது அரை சதவீதம் கூட்டிச் சொல்லும், கிழக்கு மேற்காக 0.13 சதவீதம் குறைத்துச் சொல்லும்.

கோட்டையிலிருந்து காட்பாடி ஏறக்குறைய நேர் வடக்கு. எனவே கூட்டிச் சொல்கிறது: 5.77 கிமீ என்பது தட்டைப் பூமியில் 5.745 கிமீ. வித்தியாசம் 28 மீட்டர். சென்னை சென்ட்ரலிலிருந்து கோட்டை பெரும்பாலும் கிழக்கு மேற்கு. அங்கே 125.6 கிமீக்குப் பதில் 125.8. லாட்ஜ் தேடுகிறவருக்கு 28 மீட்டர் ஒரு பொருட்டில்லை. நில அளவைக்கு அது பெரிய சண்டை. அப்படிப்பட்ட வேலைக்கு 1975இல் வந்த வின்சென்டி முறையோ, 2013இல் சார்லஸ் கார்னி வெளியிட்ட முறையோ வேண்டும். வின்சென்டி முறை பூமியின் நேரெதிர்ப் பக்கத்துப் புள்ளிகளுக்கு விடை காணாமல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும், கார்னியுடையது அங்கும் விடை தரும். பெரும்பாலான மொழிகளில் இதற்குத் தயார் நூலகம் உண்டு. நீங்களே எழுத வேண்டாம்.

பூமியின் இந்த வடிவத்தைக் கண்டறிந்த வேலையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிமீ நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவின் மீது பரவிப்போனது நில அளவை. ஒரு டிகிரியின் நீளம் எவ்வளவு என்பது அதன் மையக் கேள்விகளில் ஒன்று. நாம் 110.63 என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும் எண்ணுக்காக மலையுச்சிகளில் கருவி தூக்கி நின்ற மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் சின்னத் தூரத்துக்குப் பித்தாகரஸ் தேற்றமே போதாதா?

போதும். வேலூருக்குள் என்றால் ஹேவர்சைனைவிட நன்றாகவே வேலை செய்யும். அட்ச வித்தியாசத்தை 110.63ஆல் பெருக்குங்கள், தீர்க்க வித்தியாசத்தை 108.51ஆல் பெருக்குங்கள், இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். கோட்டை–காட்பாடிக்கு 5.745 வரும், தட்டைப் பூமியின் விடை அதுவேதான். நகரைச் சுற்றி 25 கிமீக்குள் பிழை 0.1 சதவீதத்தைத் தாண்டாது.

இந்த இரண்டு எண்கள் வேலூருக்கு மட்டும் உரியவை என்பதை மறக்கக் கூடாது. நாளைக்கு உங்கள் தளம் டெல்லிக்கும் விரிந்தால் 108.51 அங்கே பெரிய பொய். அதனால் பொதுவான கோடில் ஹேவர்சைன், வேகம் உயிராக இருக்கும் உள்ளூர்க் கணக்கில் பித்தாகரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேவர்சைனுக்குப் பதில் ஆர்க்காஸ் வழியாகத் தூரம் காணும் சூத்திரம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அது சில சமயம் விடையே தருவதில்லை. ஏன்?

இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருக்கும்போது ஆர்க்காஸுக்குள் சரியாக 1 போக வேண்டும். தசமப் பிழையால் 1ஐவிட ஒரு துளி கூடிவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ‘எண் அல்ல’ என்று சொல்லும், மைஎஸ்க்யூஎல் வெற்று மதிப்பைத் தரும், போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நின்றுவிடும். பயனர் கடை வாசலிலேயே நிற்கும்போது அந்தக் கடை மட்டும் பட்டியலில் இருந்து காணாமல் போவது இதனால்தான். மதிப்பை 1க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள், அல்லது ஹேவர்சைனுக்கு மாறிவிடுங்கள்.

நான் 5.77 கிமீ காட்டுகிறேன். மேப்பில் வழி கேட்டால் அதைவிட அதிகம் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரி. நீங்கள் காக்கை பறக்கும் தூரத்தைச் சொல்கிறீர்கள், அது வண்டி போகும் தூரத்தைச் சொல்கிறது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், இந்தத் தூரத்தை யார், எதில் கடக்கப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டையிலிருந்து காட்பாடிக்குப் போகிறவர் பாலாற்றைத் தாண்டியாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, பாலம் இருக்கும் இடத்துக்குத்தான் சாலை போகும். ஆற்காடும் ராணிப்பேட்டையும் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ஒன்று தென்கரை, மற்றது வடகரை. இக்கரையில் நிற்பவருக்கு அக்கரைக் கடை நேர்கோட்டில் மிக அருகில் என்று உங்கள் பட்டியல் முதலிடம் கொடுக்கும். அவர் பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும்.

கோட்டையே ஒரு பாடம். சுற்றிலும் அகழி, வாசல் கிழக்கே. மேற்குப் பக்கத்துச் சாலையில் நிற்பவருக்குக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கூப்பிடு தூரம். போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டு கிழக்கே வர வேண்டும். அதனால் பெரிய வளாகம் எதற்கும் நடுமையத்தில் புள்ளி வைக்காதீர்கள், மனிதர் நுழையும் வாசலில் வையுங்கள். வழி காட்டும் கருவிகள் உங்கள் புள்ளியை அருகில் உள்ள சாலைக்கு ஒட்டவைத்துத்தான் கணக்கைத் தொடங்கும். நடுமையம் தவறான பக்கத்துச் சாலைக்கு ஒட்டிக்கொண்டால் எல்லாமே தவறும்.

நேர்கோட்டுத் தூரத்தை 1.3ஆல் பெருக்கிச் சாலைத் தூரம் என்று காட்டினால் போதாதா அண்ணா?

போதாது தம்பி. அந்தப் பெருக்கெண் வழிக்கு வழி மாறும். சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு நேர்கோடு சுமார் 124 கிமீ, தண்டவாளம் ஏறத்தாழ 130 கிமீ. பெருக்கெண் 1.05தான். இன்னொரு பக்கம், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்த வழியை 16 மைல் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன, அதாவது சுமார் 26 கிமீ. ஆற்காட்டுக்கும் கோட்டைக்கும் நேர்கோடு சுமார் 21 கிமீதான். அங்கே பெருக்கெண் 1.24. ஏலகிரி மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவருக்கு எந்தப் பெருக்கெண்ணும் கைகொடுக்காது.

செய்ய வேண்டியது இரண்டு படி. நேர்கோட்டுத் தூரத்தைச் சல்லடையாக வைத்துக்கொண்டு ஆயிரம் கடையிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுங்கள். அந்த இருபதுக்கு மட்டும் சாலைத் தூரம் கேளுங்கள். நேர்கோடு ஒருபோதும் சாலையைவிட நீளமாகாது, அதனால் 5 கிமீ சாலைத் தூரத்துக்குள் இருக்கும் கடை எதுவும் 5 கிமீ வட்டத்துக்கு வெளியே விழாது. சல்லடை யாரையும் தவறவிடாது என்ற உறுதி இருப்பதால்தான் இந்த முறை நிற்கிறது. ஹேவர்சைனின் அரை சதவீதத்துக்காக வட்டத்தை 5.05 கிமீ என்று கொஞ்சம் அகலமாக வைத்தால் போதும்.

சாலைத் தூரத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வால்ஹல்லா போன்றவற்றை உங்கள் சர்வரிலேயே ஓட்டலாம். ஓஎஸ்ஆர்எம்மின் அட்டவணைச் சேவை ஒரே கேள்வியில் ஒரு புள்ளியிலிருந்து இருபது புள்ளிக்கும் பயண நேரம் சொல்லும், கேட்டால் தூரமும் சொல்லும். அவர்களுடைய மாதிரி சர்வரை உண்மையான தளத்துக்கு நம்பாதீர்கள், அது பரிசோதிக்க மட்டும்.

டேட்டாபேஸில் லட்சம் வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஹேவர்சைன் போட்டால் தளம் நகரவே மாட்டேன் என்கிறது.

முதலில் ஒரு சதுரத்தை வெட்டுங்கள். 5 கிமீ என்றால் நம் ஊரில் இரு திசையிலும் 0.047 டிகிரி கூட்டிக் கழித்தால் சரி. அந்தச் சதுரத்துக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் ஹேவர்சைன். சதுரத்தின் மூலை 7 கிமீக்கு மேல் தள்ளி இருக்கும் என்பதால் சதுரத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டத்துக்கு வெளியே இருக்கும்.

அட்சத்துக்கு ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் குறிப்புப் பட்டியல்), தீர்க்கத்துக்கு ஒரு இண்டெக்ஸ் என்று போட்டால் ஓரளவுக்கு உதவும். முழுப் பயன் வேண்டுமானால் இடத்துக்கென்றே உள்ள இண்டெக்ஸ் வேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஜிஸ்ட், மைஎஸ்க்யூஎல்லில் ஸ்பேஷியல் இண்டெக்ஸ், மோங்கோடிபியில் 2டி ஸ்பியர். ஒரு எச்சரிக்கை: போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ‘தூரம் 5000க்குக் குறைவு’ என்று நிபந்தனை எழுதினால் இண்டெக்ஸைத் தொடாமல் எல்லா வரிசைக்கும் கணக்குப் போடும். ‘இந்தத் தூரத்துக்குள் இருக்கிறதா’ என்று கேட்கும் எஸ்டி டிவித்தின் சார்பை எழுதுங்கள்.

இருநூறு கடை, ஆயிரம் கடை என்றால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். பிரவுசரிலேயே எல்லாவற்றையும் கணக்கிட்டு வரிசைப்படுத்தலாம், கண் இமைப்பதற்குள் முடியும்.

போஸ்ட்ஜிஐஎஸ் எனக்கு 0.052 என்று சொல்கிறது. என்ன அலகு?

டிகிரி. புள்ளியை ஜியாமெட்ரி வகையாக வைத்திருக்கிறீர்கள், அதனால் டிகிரியிலேயே பித்தாகரஸ் போட்டுவிட்டது. ஜியாகரஃபி வகைக்கு மாற்றினால் மீட்டரில் வரும், தட்டைப் பூமியையும் கணக்கில் எடுக்கும். சிலர் 3857 என்ற வரைபடத் தளத்துக்கு மாற்றி அளக்கிறார்கள். வேலூரில் அது தூரத்தைக் கிழக்கு மேற்காக 2.6 சதவீதமும் வடக்கு தெற்காக 3.2 சதவீதமும் நீட்டிக் காட்டும். சமதளக் கணக்குதான் வேண்டும் என்றால் 32644 என்ற யூடிஎம் தளத்தை எடுங்கள். கிழக்கு 78 முதல் 84 டிகிரி வரை அதன் எல்லை. பழைய வட ஆற்காடு முழுவதும் அதற்குள் அடங்கும்.

எத்தனை தசம இடம் சேமிக்க வேண்டும்?

ஆறு. மூன்று இடம் என்றால் சுமார் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், ஆறு என்றால் 11 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் ஜிபிஎஸ்ஸுக்கே தெரியாத துல்லியத்தைச் சேமிக்கிறீர்கள். ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டில் வைக்காதீர்கள், 79 டிகிரி அருகே அது ஏறத்தாழ 0.8 மீட்டர் படிகளாகத்தான் நகரும். மொத்தம் 9 இலக்கம், அதில் 6 தசமம் உள்ள டெசிமல் போதும்.

பயனரின் போனிலிருந்து இடத்தை எடுத்தேன். காட்பாடியில் இருப்பவரைச் சென்னையில் இருக்கிறார் என்கிறது.

அவர் டெஸ்க்டாப்பில் இருந்திருப்பார், அல்லது போனில் ஜிபிஎஸ் அணைந்திருக்கும். அப்போது பிரவுசர் இணைய இணைப்பை வைத்து ஊகிக்கும். இணைப்பு எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊரைக் காட்டும்.

பிரவுசர் தரும் விடையில் அட்சம், தீர்க்கத்தோடு ‘துல்லியம்’ என்ற மூன்றாவது எண்ணும் மீட்டரில் வரும். பலர் அதைத் தொடுவதே இல்லை. உண்மையான இடம் அத்தனை மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்பது அதன் பொருள். அது 20 என்றால் நம்புங்கள். 30000 என்றால் தூரம் எதையும் காட்டாமல், எந்தப் பகுதி என்று பயனரிடமே கேளுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் இருப்பவருக்கு இந்த எண் கூடித்தான் வரும், அவர்தான் அவசரத்தில் தேடுகிறவரும். அனுமதி மறுத்தாலும் தளம் பயன்படும்படி ஒரு தேர்வுப்பட்டியலை எப்போதும் வையுங்கள். இந்த வசதி பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே வேலை செய்யும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நிற்கிற பஸ்ஸின் தூரம் கூடிக்கொண்டே போகிறதே?

ஜிபிஎஸ் புள்ளி நின்ற இடத்திலேயே சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும். விநாடிக்கு ஒரு புள்ளி எடுத்து அடுத்தடுத்த தூரங்களைக் கூட்டினால் ஆட்டம் எல்லாம் பயணமாகச் சேரும். கடைசியாகச் சேர்த்த புள்ளியிலிருந்து நகர்வு, அப்போதைய துல்லிய எண்ணைத் தாண்டினால் மட்டும் கூட்டுங்கள்.

முகவரியைப் புள்ளியாக மாற்றும்போது வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

வேலூர் என்ற பெயரில் நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் இருக்கிறது. காட்பாடியில் ஒரு காந்தி நகர் என்றால் ஊருக்கு ஊர் ஒரு காந்தி நகர். பின்கோடு இல்லாமல் முகவரியை அனுப்பாதீர்கள்.

பழைய பட்டியல்களில் மாவட்டப் பெயரும் தொல்லை தரும். வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடி முகவரிகள் பழைய தாளில் வேலூர் மாவட்டம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். ஊர் நகரவில்லை, புள்ளியும் நகரவில்லை. அதனால் மாவட்டத்தை வைத்து வடிகட்டாமல் தூரத்தை வைத்தே வடிகட்டுங்கள்.

இன்னொன்று, சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்று ஒரே புள்ளி வைக்காதீர்கள். நகரின் நடுவே மருத்துவமனை, பாகாயத்தில் கல்லூரி, நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை வளாகம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மூன்று நாள் பயணத்துக்குப் பிறகு வந்து இறங்குபவருக்கு எந்த வளாகத்தின் பக்கத்து லாட்ஜ் என்பதுதான் முதல் கேள்வி. தேடல் பெட்டியிலேயே வளாகத்தைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

மலை ஊர்களுக்கு உயரத்தையும் சேர்க்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். தரைமட்டத்தில் 3 கிமீ, ஏற்றம் 700 மீட்டர் என்றால் சாய்வுத் தூரம் 3.08 கிமீதான். ஏலகிரியில் தூரத்தைக் கூட்டுவது உயரம் அல்ல, வளைவுகள். அதற்குச் சாலைத் தூரம்தான் மருந்து.

ரத்தம் கொடுப்பவர்களின் தூரத்தைக் காட்டுகிறேன். பெயரும் முகவரியும் காட்டவில்லை. பாதுகாப்புதானே?

இல்லை. இதை எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவர் தன் இடத்தைப் பொய்யாகச் சொல்லி, கோட்டையில் நிற்பதாக ஒருமுறை, காட்பாடியில் ஒருமுறை, சத்துவாச்சாரியில் ஒருமுறை தேடுகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கொடையாளருக்கு உங்கள் தளம் ஒரு தூரம் சொல்கிறது. மூன்று இடத்தைச் சுற்றி மூன்று வட்டம் போட்டால் அவை சந்திக்கும் இடம் அந்தக் கொடையாளரின் வீடு. ரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவரின் வாசலை நாம் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

ஒவ்வொரு தேடலிலும் சின்னப் பிழையைக் கலந்து விடுவது தீர்வாகாது. நூறு முறை தேடிச் சராசரி எடுத்தால் பிழை கரைந்துவிடும். காட்டும் எண்ணை மட்டும் முழுதாக்குவதும் போதாது. எந்த இடத்தில் 1 என்பது 2 ஆக மாறுகிறது என்று நகர்ந்து நகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பதிவு செய்யும்போதே கொடையாளரின் புள்ளியை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி, சுமார் ஒரு கிமீ கட்டத்தோடு ஒட்டவைத்து, அதை மட்டும் சேமியுங்கள். துல்லியப் புள்ளி உங்கள் சர்வரில் இல்லாவிட்டால் யாராலும் திருட முடியாது. காட்டும்போது ‘2 கிமீக்குள்’, ‘5 கிமீக்குள்’ என்று காட்டுங்கள். ரத்தம் தேடுபவருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை, மீதியைத் தொலைபேசியில் கொடையாளரே சொல்லட்டும்.

என் கோட் சரியாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

இந்தச் சோதனைகளை எழுதி வைத்து, ஒவ்வொரு முறை கோடைத் தொடும்போதும் ஓட்டுங்கள். கோட்டைக்கும் கோட்டைக்கும் 0 வர வேண்டும், ‘எண் அல்ல’ என்று வரக் கூடாது. கோட்டை–காட்பாடி 5.77, காட்பாடி–கோட்டையும் அதே 5.77. சென்னை சென்ட்ரலை 13.0825, 80.2755 என்று எடுத்துக்கொண்டால் கோட்டைக்கு 125.6. கோட்டையை 79.128, 12.921 என்று புரட்டிக் கொடுத்தால் விடையே வராமல் காவல் வரி தடுக்க வேண்டும். இவை 6371 ஆரத்துக்கான எண்கள். கூகுள் மேப்ஸின் கணக்கு நூலகம் 6378.137ஐ ஆரமாக எடுப்பதால் அங்கே கோட்டை–காட்பாடி 5.78 என்று வரும்.